பினாங்கில் கேட்ட பாமாலை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்து, வாழ்க்கைப்பட்டுப் பினாங்கு வந்தவள் நான். கிறிஸ்தவள் அல்ல. ஆனால் படித்தது கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில். காலை வழிபாட்டில் பாடிய பாமாலைப் பாட்டுகள் இன்னும் வாயில் இருக்கின்றன.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். ஆ மா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை மலாயில் இருபது வருடம் ஓட்டினோம். காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒரு பாட்டை முணுமுணுப்பார். மெட்டு எனக்குத் தெரிந்தது: 'பாவ சஞ்சலத்தை நீக்க, பிராண நண்பர் தான் உண்டே.' நானும் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து தமிழில் சேர்ந்துகொள்வேன். அவர் பாட்டில் முதல் சொல்லே 'யேசூ' என்று வரும். எனக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான்.

போன மாதம் ஆ மா இறந்துவிட்டார். அடக்க ஆராதனையில் அதே மெட்டைப் பாடினார்கள். 'யேசூ' வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வேறு ஏதோ சொல்லில் தொடங்கியது. பேத்தியைக் கேட்டேன். "அதே பாட்டுத்தான் ஆன்ட்டி, புத்தகம்தான் வேறு" என்றாள்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். திருமணத்துக்கு முதல் நாள் மணப்பெண் ஆற்றில் மூழ்கி இறந்த துக்கத்தில் ஒருவர் எழுதிய பாட்டு இது என்று என் தோழி சொல்கிறாள், உண்மையா? ஒரே மெட்டுக்கு ஏன் இரண்டு தொடக்கம், எது சரி? மூன்றாவது என் மகனுடையது. "வெள்ளைக்காரன் பீரங்கியோடு கொண்டுவந்து இறக்கிய சரக்கு, மொழிபெயர்ப்பில் என்ன கலை இருக்கிறது?" என்கிறான். நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்., பினாங்கு

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

வேலிக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் சீனம், நடுவில் ஒரே மெட்டு. இந்தக் காட்சியை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று நீங்களே கடிதம் போட்டிருப்பீர்கள்.

முதலில் உங்கள் தோழியின் கதை. மணப்பெண் மூழ்கி இறந்தது, இந்தப் பாட்டை எழுதிய ஜோசப் ஸ்கிரிவனின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் சொல்வதுதான். அயர்லாந்தில் பான்பிரிட்ஜ் என்ற ஊரின் பக்கம் 1819ல் பிறந்தவர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர். அந்தச் சாவுக்குப் பிறகு ஊரைவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். ஆனால் பாட்டு அந்தத் துக்கத்தில் பிறந்ததல்ல. பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 1855ல், அயர்லாந்தில் நோயுற்றிருந்த தன் தாய்க்கு ஆறுதலாக அவர் எழுதி அனுப்பிய கவிதை அது. 'இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்' என்ற வேத வசனம்தான் அதற்குத் தலைப்பு. கனடாவில் அவருக்கு மறுபடியும் ஒரு திருமணம் நிச்சயமாகி, அந்தப் பெண்ணும் 1860ல் நோயில் இறந்துபோனார். அது பாட்டு எழுதி ஐந்து வருடம் கழித்து. மேடையில் கதை சொல்பவர்களுக்கு இந்த வரிசை வசதிப்படுவதில்லை. சாவு முன்னால் வரவேண்டும், பாட்டு உடனே பின்னால் வரவேண்டும். தாய்க்கு மகன் எழுதிய கடிதம் என்றால் கூட்டம் அழாது என்று நினைக்கிறார்கள் போலும்.

எனக்கு ஸ்கிரிவனின் சோகத்தைவிட அவருடைய ரம்பம்தான் பிடித்திருக்கிறது. கனடாவில் போர்ட் ஹோப் என்ற ஊர்ப் பக்கத்தில் தோளில் ரம்பத்தோடு திரிந்து, விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கூலி வாங்காமல் விறகு அறுத்துக் கொடுத்தவர் அவர். யாரோ ஒருவர் அவரைக் கூலிக்கு அமர்த்தப் பார்த்தாராம். "அவர் உனக்கு வரமாட்டார், உன்னிடம் காசு இருக்கிறது" என்று பதில் வந்ததாம். ஊர் சொல்லும் கதைதான், ஆனால் அவருக்குப் பொருந்துகிறது. 1886ல் ரைஸ் ஏரியின் பக்கம் தண்ணீரில் மூழ்கி இறந்துகிடந்தார்.

பாட்டு அச்சானபோது அவர் பெயர் அதில் இல்லை. நெடுநாள் வரை ஹொரேஷியஸ் போனார் என்ற ஸ்காட்லாந்துப் பாடலாசிரியர்தான் எழுதினார் என்றே நம்பினார்கள். ஸ்கிரிவன் நோயில் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டு, நீங்களா எழுதினீர்கள் என்று கேட்க, "கர்த்தரும் நானுமாகச் சேர்ந்து செய்தோம்" என்றாராம்.

மெட்டுப் போட்டவரும் பெயரை ஒளித்தவர்தான், ஆனால் விளையாட்டாக. சார்ல்ஸ் கான்வர்ஸ் அமெரிக்கர், ஜெர்மனியில் லைப்சிக் நகரில் இசை படித்தவர், பிழைப்புக்கு வக்கீல். 1868ல் இந்த மெட்டைப் போட்டு 'கார்ல் ரேடன்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். கார்ல் என்றால் சார்ல்ஸ். ஜெர்மன் மொழியில் ரேடன் என்றால் பேசுவது, அவருடைய குடும்பப் பெயருக்கும் ஆங்கிலத்தில் அதே பொருள். இந்த மனிதருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. ஆங்கிலத்தில் ஆணையும் பெண்ணையும் பொதுவாகச் சுட்ட ஒரு பிரதிப்பெயர் இல்லையே என்று கவலைப்பட்டு, 'தான்' என்று ஒலிக்கும் புதுச் சொல் ஒன்றை உண்டாக்கி 1884ல் பத்திரிகையில் அறிவித்தார். சில அகராதிகளில்கூட அது ஏறி, பிறகு இறங்கிவிட்டது. தமிழராகப் பிறந்திருந்தால் 'அவர்' என்று சொல்லிவிட்டு வக்கீல் தொழிலைப் பார்த்திருப்பார். சீனத்திலும் பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். வேடிக்கை என்னவென்றால், கான்வர்ஸ் இறந்த 1918ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீன எழுத்தாளர்கள் எதிர்த்திசையில் போய், 'அவள்' என்பதற்குத் தனி எழுத்து வேண்டும் என்று ஒன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சீனப் பாட்டுப் புத்தகங்களில் கடவுளைச் சுட்டவும் தனியாக ஒரு 'தா' எழுத்து உண்டு. காதுக்கு எல்லாம் ஒன்றே.

மூடி என்ற பிரசங்கியாரோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்த சாங்கி, 1875ல் சுவிசேஷப் பாடல் தொகுப்பு ஒன்றை அச்சுக்குக் கொடுத்தபோது கடைசி நேரத்தில் இந்தப் பாட்டைச் செருகினார். கடைசியாக நுழைந்த பாட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தது என்று அவரே பின்னால் எழுதினார். அதன் பிறகு அது கப்பலேறாத துறைமுகம் இல்லை. ஜப்பானில் தேவாலயத்துக்கு வெளியேயும் போய், 1910ல் நிலவில்லாத வானத்து விண்மீன்களைப் பற்றிய பள்ளிக்கூடப் பாட்டாகவே மாறிவிட்டது. பாடுகிற பிள்ளைகளில் பலருக்கு அது ஜெபப் பாட்டு என்பதே தெரியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. என்னைச் சந்தோஷப்படுத்தியது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நீட்டுவேன்.

சிங்கப்பூரில் மூன்றாண்டு வேலை பார்த்தபோது மாலை வகுப்பில் சீனப் பொதுமொழியான மாண்டரின் கொஞ்சம் கற்றேன். என் தொனியைக் கேட்டு ஆசிரியை கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் தொனி என்றால் என்ன என்பது எனக்கு உறைத்தது அங்கேதான். மாண்டரினில் நான்கு தொனி. முதலாவது உயரத்தில் ஏறி, ஆடாமல் அசையாமல் நிற்கும். இரண்டாவது கீழிருந்து ஏறும். மூன்றாவது அடியில் தாழ்ந்து கிடக்கும். நான்காவது மேலிருந்து வெட்டி விழும். தொனி மாறினால் சொல்லே மாறும். 'ஜூ' என்று தாழ்த்திச் சொன்னால் ஆண்டவர். அதையே உயர்த்தி நீட்டிச் சொன்னால் பன்றி. இப்போது இதை ஒரு மெட்டில் பாடவேண்டும் என்று வையுங்கள். மெட்டு தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். சொல்லுக்கும் சொந்தமாக ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. இரண்டும் முரண்டினால் சபையார் பக்தியோடு எதைப் பாடுகிறார்கள் என்பது கேட்பவன் புண்ணியம். மாண்டரின் பாட்டில் இடம் பார்த்துப் பொருள் கொண்டு காது மன்னித்துவிடும். ஹாங்காங் பக்கத்துக் கான்டனீஸ் மொழிக்காரர்கள் இன்றுவரை மன்னிப்பதில்லை.

நீங்கள் சாவு வீட்டில் கேட்ட முதல் வரி இது: 'ஹ தெங் அன் யோ, ட்ஸி ரென் ஜியூ ஜூ.' எத்தகைய அருள்நண்பர், இரக்கமுள்ள மீட்பர் என்று பொருள். எட்டு அசை, எட்டு சுரம். உங்களுக்குப் பள்ளியில் சுரம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நம்பி நம் கணக்கில் எழுதுகிறேன்: ப ப த ப க ஸ ஸ, கடைசியில் கீழ்த் தைவதம். இந்த வரியின் உச்சி மூன்றாவது சுரமான தைவதம். அங்கே உட்கார்ந்திருப்பது 'அன்', அருள். அது முதல் தொனிச் சொல், உயரத்தில் நிற்பது. வரியின் அடிமட்டம் கடைசிச் சுரம். அங்கே வருவது 'ஜூ', ஆண்டவர், மூன்றாம் தொனி, தாழ்ந்து கிடப்பது. பன்றிக்கு இங்கே வாய்ப்பே இல்லை.

இப்போது 'யேசூ' ஏன் வரவில்லை என்று பாருங்கள். 'வாட் எ ஃபிரெண்ட் வி ஹேவ் இன் ஜீசஸ்' என்ற ஆங்கில மூலத்தில் அந்தப் பெயர் முதல் வரியின் கடைசி இரண்டு சுரங்களில் விழுகிறது, அதாவது மெட்டு சரிந்து அடியில் போய் நிற்கும் இடத்தில். சீனத்தில் 'யே', 'சூ' இரண்டுமே முதல் தொனி, உயரத்தில் சமமாக நிற்பவை. அந்தப் பள்ளத்தில் அவற்றை இறக்கினால் பெயர் நசுங்கிவிடும். எனவே அங்கே 'ஜியூ ஜூ', மீட்பர். விழும் தொனி, பிறகு தாழ்ந்த தொனி. மெட்டு எப்படி இறங்குகிறதோ அப்படியே சொல்லும் இறங்குகிறது.

உங்கள் ஆ மா பாடிய தொடக்கம் இப்படி இருந்திருக்கும்: 'யேசூ ஷி வோ ச்சின் ஐ பெங் யோ.' யேசு என் அன்பான நண்பர். இதை அமைத்தவர் பெயரை விட்டுக்கொடுக்காமல் வேறு வழி கண்டார். மெட்டின் முதல் இரண்டு சுரங்களும் ஒரே பஞ்சமம், உயரத்தில், அசையாமல். 'யே', 'சூ' இரண்டும் உயர்ந்து அசையாமல் நிற்கும் தொனி. பூட்டுக்குச் சாவி போல உட்கார்ந்துவிட்டது. கடைசிப் பள்ளத்தில் 'யோ', நண்பர், அதுவும் தாழ்ந்த தொனிதான். உங்களுக்கு இருபது வருடமாகப் புரிந்த ஒரே சொல் அது என்றீர்களே, அது தெளிவாகக் கேட்டதற்கு இந்தப் பொருத்தமும் காரணம்.

எது சரி என்றால் இரண்டும் சரி. எது மேல் என்று கேட்டால் எனக்கு ஒரு பட்சம் உண்டு. சாவு வீட்டுப் பாட்டின் இரண்டாவது வரி, 'ஃபூ வோ ட்ஸுய் ச்சியன், தான் வோ யோ.' என் பாவங்களை முதுகில் ஏற்றி, என் கவலையைத் தோளில் சுமந்து. ஆங்கிலத்தில் சுமப்பதற்கு ஒரே வினைதான். சீனத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. 'ஃபூ' முதுகில் சுமப்பது. 'தான்' தோளில் மூங்கில் தண்டு வைத்து இரு பக்கமும் பாரம் தொங்கச் சுமப்பது, நம் காவடிபோல. பினாங்கில் பழைய நாளில் தெருவில் கூவி விற்ற சீன வியாபாரிகள் தோளில் இருந்தது அதுதான். பாவத்துக்கு முதுகு, கவலைக்குத் தோள் என்று பங்கு போட்டவர் சாதாரண ஆள் இல்லை. ஏழு அசை நாலும் மூன்றுமாக உடைகிறது. சீனாவில் தாங் அரசர் காலத்துக் கவிஞர்கள் ஏழசை வரியை நிறுத்தியதும் அதே இடத்தில்தான். அந்தத் 'தான்' உயர்ந்த தொனிச் சொல். அது விழும் சுரம் அந்த வரியிலேயே உயரமான பஞ்சமம். தண்டு தோளுக்கு ஏறுகிறது, குரலும் ஏறுகிறது.

ஆ மாவின் பாட்டில் இரண்டாவது வரி 'தான் தாங் வோ ட்ஸுய் யு யோ ச்சோ.' என் பாவத்தையும் கவலையையும் சுமந்தார். அதே 'தான்' இங்கேயும் இருக்கிறது, ஆனால் வரியின் தொடக்கத்தில், மெட்டு தரைக்கு வந்துவிட்ட இடத்தில். உச்சிப் பஞ்சமத்தில் என்ன வருகிறது தெரியுமா? 'யு'. அதாவது 'உம்'. பாவமும் கவலையும் என்பதில் உள்ள 'உம்'. சபையே தொண்டையைத் திறந்து ஓர் எண்ணும்மையை ஓங்கிப் பாடுகிறது! முதல் வரியில் ஆ மாவின் புத்தகம் ஜெயித்தது, இரண்டாவது வரியில் தோற்றது என்பேன். சாவு வீட்டுப் புத்தகத்திலும் எல்லாம் பொருந்திவிடவில்லை. 'ச்சியன்' உயர்ந்த தொனி, அது கீழே ஷட்ஜத்தில் கிடக்கிறது. எழுத உட்கார்ந்தவர் எதை விடுவது, எதைக் காப்பாற்றுவது என்று ஒவ்வொரு அசையிலும் பேரம் பேசியிருக்கிறார்.

இயைபு என்று பார்த்தாலும் கைவேலை தெரிகிறது. சாவு வீட்டுப் பாட்டின் முதல் சரணத்தில் வரிமுடிவுச் சொற்கள் 'யோ', 'ச்சியோ', 'ஷோ', மறுபடி 'ச்சியோ'. கவலை, வேண்டுதல், பாடுபடுதல், வேண்டுதல். பாட்டின் சாரம் முழுவதும் அந்த நான்கு ஈற்றசையில் இருக்கிறது.

மெட்டும் ஒத்துழைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வரியை மெதுவாகப் பாடிப் பாருங்கள். ஸ ரி க ப த, அவ்வளவுதான் சுரம். நமக்கு மோகனம். சீனருக்கு அவர்களுடைய பழைய ஐந்து சுரம். நிஷாதம் பிற்பாடுதான் வருகிறது, மத்திமம் சரணத்தின் மூன்றாம் பகுதியில் எட்டிப் பார்க்கிறது. அதற்குள் பாட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

'அன் யோ' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. 'அன்' என்றால் அருள், கூடவே திருப்பித் தரவேண்டிய நன்றிக்கடன் என்ற பொருளும் உண்டு. 'யோ' நண்பன். கன்பூசிய மரபு மனித உறவை ஐந்தாக வகுக்கிறது: அரசன் குடி, தந்தை மகன், கணவன் மனைவி, அண்ணன் தம்பி, நண்பன் நண்பன். முதல் நான்கிலும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கடைசியில் மட்டும்தான் சரிசமம். அருள் மேலிருந்து வருவது, நட்பு பக்கத்தில் நிற்பது. இரண்டையும் ஒரே சொல்லாக ஒட்டிக் கடவுளுக்குச் சூட்டியது சீனக் காதில் சின்ன அதிர்ச்சியாகவே இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே பாதை போட்டு வைத்திருந்தார்கள். மத்தேயு ரிச்சி என்ற இத்தாலியப் பாதிரியார் சீனத்தில் எழுதிய முதல் நூல் கடவுளைப் பற்றியது அல்ல, நட்பைப் பற்றியது. 1595ல் நான்சாங் நகரில் எழுதினார். நண்பன் வேறொருவன் அல்ல, என்னில் பாதி, இரண்டாவது நான் என்பது அதன் தொடக்கம். மூன்று நூற்றாண்டு கழித்து, 1898ல் தலை வெட்டுண்ட தான் ஸிதோங் என்ற சீர்திருத்தக்காரர், ஐந்து உறவிலும் மனிதனைக் கெடுக்காதது நட்பு ஒன்றுதான் என்று எழுதினார். நம் 'பிராண நண்பர்' இவ்வளவு சுமையைத் தூக்கவில்லை. உயிர் நண்பன் என்ற நம் ஊர்ப் பேச்சு, கொஞ்சம் வடமொழிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. தமிழிலும் முதல் வரியில் பெயர் இல்லை, அடுத்த வரியிலும் 'மீட்பர்' என்றுதான் வருகிறது, கவனித்தீர்களா? காரணம் வேறு, முடிவு ஒன்று.

உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். பீரங்கி என்று அவர் சொல்வது பொய்யில்லை. அபினி யுத்தத்தில் தோற்று 1842ல் சீனா ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. அபினியும் பைபிளும் ஒரே கப்பலில்தான் இறங்கின. பினாங்கில் உங்கள் தெருவில் பேசும் ஹொக்கியன் மொழியின் ஊரான அமாயும் அந்த ஐந்தில் ஒன்று. அங்கே 1852ல் 13 பாட்டுகள் கொண்ட ஒரு சிறு புத்தகம் வட்டார மொழியிலேயே வந்தது. இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும், 'தான்' என்ற சொல்லை உயரத்தில் தூக்கி வைத்த கையைப் பீரங்கி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கை யாருடையது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகளில் அட்டையில் இருப்பது மிஷனரியின் பெயர். பக்கத்தில் உட்கார்ந்து, இந்தச் சொல் இந்த இடத்தில் நாறும், அந்தச் சொல் மணக்கும் என்று எடுத்துக்கொடுத்த சீனப் பண்டிதருக்குச் சம்பளம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. வாங் தாவ் என்ற இளைஞர் 1849 முதல் ஷாங்காயில் மெட்ஹர்ஸ்ட் பாதிரியாரின் சீன பைபிளுக்கு நடை எழுதித் தந்தவர். பின்னால் பெரிய பத்திரிகையாளராகி, தானே தன் பெயரைச் சம்பாதித்துக்கொண்டதால் நமக்குத் தெரிகிறது. மற்றவர்கள் அப்படியே போய்விட்டார்கள். 'பாவ சஞ்சலத்தை' என்று தொடங்கிய தமிழரின் பெயர் உங்கள் பள்ளிப் பாமாலையில் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1936ல் ஷாங்காயில் ஆறு சபைகள் கூடி ஐந்நூறு பாட்டுக்கு மேல் கொண்ட ஒரு பெரும் தொகுப்பை வெளியிட்டன. அதன் குழுவில் இருந்தவர் யாங் யின்லியூ. வூஷி ஊர்க்காரர். சின்ன வயதில் தாவோயிசத் துறவிகளிடம் வாத்தியம் கற்றவர், குன்ச்சூ என்ற பழைய நாடக இசையில் ஊறியவர். அந்த நாடகத்தில் சொல்லின் தொனியை மீறிப் பாடினால் வாத்தியார் அடிப்பார். அந்தக் காதோடு வந்து உட்கார்ந்து, ஞானப்பாட்டுகளில் தொனியும் மெட்டும் மோதும் இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சீர்செய்தார். இதே யாங் 1950 கோடையில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார். தெருவில் வாசித்துப் பிழைத்த ஆபிங் என்ற கண் தெரியாத கலைஞரின் ஆறு உருப்படிகளைப் பதிவு செய்தார். அந்த டிசம்பரில் ஆபிங் இறந்துவிட்டார். இன்று சீனாவில் இரட்டைத் தந்தி வாத்தியமான அர்ஹூவைக் கையில் எடுக்கும் எந்தப் பிள்ளையும் அந்த ஆறில் ஒன்றைப் பயிலாமல் இருப்பதில்லை. அதைக் காப்பாற்றிய காதும் ஞானப்பாட்டுகளைத் திருத்திய காதும் ஒன்று. உங்கள் மகனிடம் இதை மட்டும் சொன்னால் போதும்.

மொழிபெயர்க்காமல் சொந்தமாகவே பாடியவர்களும் உண்டு. ஷான்ஸி மாகாணத்துப் பாஸ்டர் ஷி, அபினிக்கு அடிமையாகிக் கிடந்த கன்பூசியப் பண்டிதர். 1879ல் மனம் திரும்பி, அபினி மீட்பு விடுதிகள் நடத்தி, அங்கே பாட ஊர் மெட்டுகளில் பாட்டெழுதினார். நமக்கு மொழிபெயர்த்த பாமாலை ஒருபக்கம், வேதநாயக சாஸ்திரியார் சொந்தமாக எழுதிய கீர்த்தனை மறுபக்கம் என்று இருப்பதுபோலத்தான். கீர்த்தனைக்காரர்கள் பாமாலையை இளக்காரமாகப் பார்ப்பது எனக்குத் தெரியும். நானும் கொஞ்சநாள் அந்தக் கட்சியில் இருந்தேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. இந்தப் பாட்டின் ஆங்கில மூலத்தில், நண்பர்கள் உன்னை இகழ்ந்து கைவிடுகிறார்களா என்று ஒரு வரி வரும். நண்பரைப் பற்றிய பாட்டில் நண்பர்களின் துரோகம். 1966க்குப் பிறகு, கலாசாரப் புரட்சியின்போது, சீனாவில் தேவாலயங்கள் பூட்டிக் கிடந்தன, பாட்டுப் புத்தகங்கள் தீயில் போயின, நண்பன் நண்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டிய காலம் அது. நினைவிலிருந்து பாடியும் கையால் எழுதியும் பாட்டுகளைக் காத்தார்கள். 1979ல் கதவுகள் மீண்டும் திறந்து, 1983ல் 400 பாட்டுகளோடு புதிய புத்தகம் வந்தது. அதில் 102 சீனர்களே இயற்றியவை. ஆனால் மீதமுள்ள மொழிபெயர்ப்புகளையும் யாரும் அந்நியச் சரக்கென்று வாசலில் நிறுத்தவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஆ மாவின் பழைய பாட்டுப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று பேத்தியிடம் கேளுங்கள். இருந்தால், உள்ளே சீன எழுத்தா, ரோமன் எழுத்தா என்று பாருங்கள். ஹொக்கியன் சபைகளில் மிஷனரிகள் ரோமன் எழுத்தில் அச்சிட்டு, பள்ளிக்கூடம் போகாத பெண்களுக்குக்கூட வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ரோமன் எழுத்து என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஆ மா பாடியது மாண்டரினாக இருக்காது. ஹொக்கியன் மொழிக்குத் தொனி நான்கல்ல, ஏழு. நான் மேலே ஆ மாவின் வரிகளுக்குப் போட்ட கணக்கு முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். ஹொக்கியனில் அந்தப் பெயர் 'யேசூ' அல்ல, 'இயாசோ'. இருபது வருடம் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டது எது? கண்ணை மூடி ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.